ஐ.டி.பி.யும் எலும்பு மஜ்ஜையும்: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு என் மேசை முன்னால் நின்று கேட்பவர்கள் நிறைய. வீட்டுக்குப் போய் போனில் இன்னொரு தடவையும் கேட்பார்கள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைகிற ஐ.டி.பி. (இம்யூன் திராம்போசைட்டோபீனியா) என்ற நோயைப் பற்றியும், அதில் எலும்பு மஜ்ஜைக்கு என்ன பங்கு என்பதைப் பற்றியும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பிளேட்லெட் குறைஞ்சா அது டெங்குதானே அக்கா?

டெங்குவிலும் குறையும். ஆனால் அதில் காய்ச்சல் இருக்கும், உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும், காய்ச்சல் விட்ட சில நாளில் கவுண்ட் தானாகவே ஏறத் தொடங்கும். ஐ.டி.பி.யில் பெரும்பாலும் காய்ச்சல் கிடையாது. ஆள் நன்றாக நடமாடுவார், சாப்பிடுவார். காலில் கொசு கடித்ததுபோல சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே நீலக் கன்றல், பல் தேய்க்கும்போது ரத்தம் என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருவார்.

சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும். அது ஒரு லட்சத்துக்குக் கீழே போய், மற்ற அணுக்கள் சரியாக இருந்து, வேறு காரணமும் கிடைக்காவிட்டால் ஐ.டி.பி. என்கிறார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தப் பிளேட்லெட்டையே எதிரியாக நினைத்து அழிக்கிறது. இது ஒட்டுவாரொட்டி கிடையாது. வீட்டில் தட்டு, டம்ளர் எதையும் பிரித்து வைக்க வேண்டாம்.

ஒரு லேபில் 22,000, இன்னொரு லேபில் 1,60,000. எதை நம்ப?

இரண்டு லேபுமே கவனமாகச் செய்திருந்தாலும் இப்படி வரலாம். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. சிலரின் ரத்தத்தில் அந்தப் பொருள் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டியைப் பிளேட்லெட் என்று எண்ணாது. ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஸ்லைடின் வால் ஓரத்தில் கொத்துக் கொத்தாக ஊதா நிறத்தில் கிடப்பது கண்ணுக்கே தெரியும்.

அதனால் முதல் தடவை குறைவாக வந்தால் பதறாமல், ஸ்லைடு பார்த்தார்களா என்று கேளுங்கள். சிட்ரேட் இருக்கும் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். நோயே இல்லாமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிடுகிற நிலை வரக்கூடாது.

பிளேட்லெட் எங்கே உண்டாகுது? மஜ்ஜை கெட்டுப்போனதாலயா குறையுது?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் எல்லா ரத்த அணுக்களும் பிறக்கின்றன. அங்கே இருக்கும் ஸ்டெம் செல் நம் தோட்டத்து வாழைக் கிழங்கு மாதிரி. கன்று விட்டுக்கொண்டே இருக்கும், தானும் அழியாமல் நிற்கும். அந்த வம்சத்தில் ஒரு கிளை மெகாகேரியோசைட் என்ற மிகப் பெரிய அணுவாக வளர்கிறது. அது தன் உடம்பையே துண்டு துண்டாக உதிர்த்துவிடும். அந்தத் துண்டுகள்தான் பிளேட்லெட். ஒரு பிளேட்லெட்டின் ஆயுள் 8 முதல் 10 நாள்.

ஐ.டி.பி.யில் முதல் பிரச்சினை அழிவு. எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டிய பிளேட்லெட்டுகளை மண்ணீரல் பிடித்து விழுங்கிவிடும். ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்பதை 1950-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹாரிங்டன் என்ற டாக்டர் தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டினார். ஐ.டி.பி. நோயாளியின் ரத்தத்தைத் தனக்கு ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் பாதாளத்துக்குப் போனது, சில நாளில் மீண்டது.

ரொம்ப காலம் கதை அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். பிறகுதான் மஜ்ஜையும் இதில் சிக்கியிருப்பது தெரிந்தது. பிளேட்லெட்டின் மேல் இருக்கும் அடையாளங்களே மெகாகேரியோசைட்டின் மேலும் இருப்பதால், அதே ஆன்டிபாடிகள் அதையும் தாக்குகின்றன. எண்ணிக்கையில் மெகாகேரியோசைட்டுகள் போதுமானதாகவோ கூடுதலாகவோ இருந்தும், பலருக்கு உற்பத்தி தேவைக்கு எட்டுவதில்லை. ஆக, ஐ.டி.பி.யில் மஜ்ஜை செத்துப்போவதில்லை. அடி வாங்கிக்கொண்டே வேலை செய்கிறது. கீழே வரும் மருந்துகளைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஜ்ஜை டெஸ்ட் எழுதிக் கொடுத்தா புற்றுநோய்னு சந்தேகப்படுறாங்கன்னுதானே அர்த்தம்?

ஐ.டி.பி. என்று தெளிவாகத் தெரிந்தால் மஜ்ஜை டெஸ்ட் பலருக்கும் தேவையே இல்லை. சிவப்பணுவோ வெள்ளையணுவோ சேர்ந்து குறைந்திருந்தால், ஸ்லைடில் விசித்திரமான அணுக்கள் தெரிந்தால், மண்ணீரல் வீங்கியிருந்தால், எடை குறைந்து காய்ச்சலும் அடித்தால், அல்லது மருந்துக்கு அசையாவிட்டால் எழுதுவார்கள். வயதானவர்களுக்கு எம்.டி.எஸ். என்ற மஜ்ஜைக் கோளாறு இருக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சீக்கிரமே கேட்பார்கள். பெரும்பாலும் இது இல்லை, அது இல்லை என்று விலக்கத்தான் இந்த டெஸ்ட். பயத்தில் தள்ளிப்போட்டு, நாலு மாதம் தவறான மருந்து சாப்பிடுவதுதான் ஆபத்து.

முதுகுத்தண்டுல ஊசி குத்துவாங்களாமே? கால் வராமப் போயிருமா?

இந்தப் பயம் மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை எல்லா ஊரிலும் உண்டு. ஊசி போடுவது இடுப்பெலும்பின் பின்பக்கம், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே. முதுகுத்தண்டு அங்கே கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டபின் எலும்பைத் துளைப்பார்கள். மஜ்ஜையை உறிஞ்சும்போது சில நொடி உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு வலி வரும். அதை மரப்பு ஊசியால் முழுக்கத் தடுக்க முடியாது. சாதாரணமாக அரை மணிக்குள் முடிந்துவிடும். பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் செய்யலாம், ஆனால் எடுத்த இடத்தை நன்றாக அழுத்தி, கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.

மோளுக்கு நாலு வயசு, கவுண்ட் 12,000. மருந்து வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?

கைவிடவில்லை. சளி, காய்ச்சல் வந்து போன சில வாரத்தில் குழந்தைகளுக்கு இது வருவது சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. தோலில் புள்ளியும் கன்றலும் மட்டும் இருந்தால், எண் குறைவாக இருந்தாலும் கவனித்துக்கொண்டு காத்திருப்பதே இன்று உலகம் முழுக்கச் செய்கிற முறை. மருந்து கொடுத்தால் எண் ஏறும். நோய் அதனால் சீக்கிரம் போவதில்லை.

மரத்தில் ஏறுவது, சைக்கிள், தலையில் அடிபடுகிற விளையாட்டு எதுவும் இப்போது வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி வையுங்கள். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் மிச்சமிருக்கும் பிளேட்லெட்டின் வேலையையும் கெடுத்துவிடும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்தே கவுண்ட் குறைவு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்தது, பையனுக்கு கரப்பானும் அடிக்கடி தொற்றும் சேர்ந்து வருகிறது என்றால் அது ஐ.டி.பி.யாக இல்லாமல் பிறவிக் கோளாறாக இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம், கறுத்த மலம், சிவந்த மூத்திரம், நாப்கின் தாங்காத மாதவிடாய். இவற்றோடு, கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம், தலையில் அடி. இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்க வேண்டாம். மூளையில் ரத்தக் கசிவு அரிதுதான், குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. ஆனால் வந்தால் காத்திருக்க நேரம் இருக்காது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோ, எது அருகிலோ அங்கே போய் முதலில் ‘ஐ.டி.பி. இருக்கு’ என்று சொல்லுங்கள்.

பப்பாளி இலைச் சாறு குடுத்தா ஏறுமே? சுவரொட்டி வாங்கிக் குடுக்கவா?

பப்பாளி இலையை டெங்குவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் கவுண்ட் தானாக ஏறும் நேரத்தில்தான் கொடுக்கிறோம். ஐ.டி.பி.யில் ஆன்டிபாடியை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாந்தி எடுக்கிற குழந்தையின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றாதீர்கள். சுவரொட்டி, ஈரல், முருங்கைக்கீரை எல்லாம் இரும்புச்சத்து. ரத்தம் போய் ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு நல்லது, பிளேட்லெட்டுக்கு அதனால் பயனில்லை. மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கை கால் வலிக்கு ஆசான்கிட்ட போய் தடவலாமா?

வர்ம வைத்தியத்தின் மேல் நம் மாவட்டத்துக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் கவுண்ட் குறைந்திருக்கும்போது உழிச்சலும் அழுத்தித் தடவுவதும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டும், மூட்டுக்குள்ளும் கசியலாம். பிளேட்லெட் குறைவு என்பதை ஆசானிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்தவர் தொடவே மாட்டார். இடுப்பிலும் கையிலும் போடுகிற தசை ஊசிக்கும் இதே எச்சரிக்கை.

எங்க தெருப் பையன்கள் பத்துப் பேர் ரத்தம் தர ரெடி. பிளேட்லெட் ஏத்திட்டா முடிஞ்சது இல்லையா?

அந்தப் பையன்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஏற்றுகிற பிளேட்லெட்டையும் அதே ஆன்டிபாடி சில மணி நேரத்தில் அழித்துவிடும். அதனால் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில் மட்டும், ஸ்டீராய்டோடும் இம்யூனோகுளோபுலின் ஊசியோடும் சேர்த்து ஏற்றுவார்கள். டெங்குவையும் லுக்கேமியாவையும் பார்த்துப் பழகிய நமக்கு, ‘ஏன் ஏற்ற மாட்டேங்குறாங்க’ என்று கோபம் வருவது இயல்பு. காரணம் இதுதான்.

ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்கும்னு சொல்றாங்க. பாதியில நிறுத்திரலாமா?

திடீரென்று நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்திருக்கும். சட்டென்று விட்டால் மயங்கி விழலாம். சர்க்கரை, பிரஷர், முகம் ஊதுவது, தூக்கம் கெடுவது, எலும்பு பலவீனம் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

பெரியவர்களுக்கு முதல் மருந்து இதுவே. பிரட்னிசோலோன் சில வாரம் கொடுத்துக் குறைப்பார்கள், அல்லது டெக்சாமெத்தசோன் 40 மில்லிகிராம் நாலு நாள் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஏறும், பலருக்குக் குறைக்கும்போது மறுபடி இறங்கும். ஆறு வாரத்துக்கு மேல் இழுக்காமல் அடுத்த மருந்துக்குப் போக வேண்டும் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். வருடக்கணக்கில் ஸ்டீராய்டிலேயே இருப்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ‘வேறு மருந்து உண்டா?’ என்று டாக்டரிடம் கேட்க நீங்கள் தயங்கவே கூடாது. கூடவே வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி, ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, லூபஸ் ஆகியவற்றுக்கும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஹெலிகோபாக்டர் இருந்து அதை ஒழித்தாலே சிலருக்குக் கவுண்ட் ஏறும்.

மஜ்ஜையைத் தூண்டுற மாத்திரைன்னு குடுத்திருக்காங்க. ஏற்கெனவே அடிபட்ட மஜ்ஜையைத் தூண்டலாமா?

நல்ல கேள்வி. கல்லீரல் உண்டாக்கும் திராம்போபொயட்டின் என்ற ஹார்மோன்தான் மெகாகேரியோசைட்டை வளர்க்கிறது. மஜ்ஜை காய்ந்துபோகும் அப்ளாஸ்டிக் அனீமியாவில் இந்த ஹார்மோன் ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும். ஐ.டி.பி.யில், பிளேட்லெட் அவ்வளவு குறைந்தும் ஹார்மோன் பெரிதாக ஏறுவதில்லை. இருக்கும் மெகாகேரியோசைட்டுகளே அதைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போ வெளியிலிருந்து கூட்டிக் கொடுத்தால் என்ன என்ற யோசனையில் வந்தவைதான் எல்ட்ராம்போபேக் மாத்திரையும் வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் ரோமிப்ளோஸ்டிம் ஊசியும். இரண்டுக்கும் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் இப்போது தயாரிக்கின்றன.

எல்ட்ராம்போபேக்கைப் பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஜெலுசில் போன்ற மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் ஏறாது. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ நாலு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். காலைப் பால் சாயாவோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ‘மருந்து கேட்கல’ என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல் டெஸ்ட் இடையிடையே அவசியம். கவுண்ட் அளவுக்கு மேல் ஏறினால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு மஜ்ஜையில் நார் படிவதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் குறைகிறது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே விசாரியுங்கள்.

மண்ணீரலை எடுத்தா மனுஷன் இருக்க முடியுமா?

முடியும். 1916-லேயே பிராகில் பால் காஸ்னெல்சன் என்ற மாணவரின் யோசனைப்படி செய்து பார்த்து, கவுண்ட் ஏறியது. அழிக்கிற இடத்தையே அகற்றுவதால், சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு நெடுநாள் பலன் கிடைக்கிறது. ஒரு வருடமாவது காத்திருந்து, மற்ற மருந்துகளைப் பார்த்தபின்தான் இப்போது செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னதாக நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும். அதன்பின் ஆயுசு முழுக்க, காய்ச்சல் வந்தால் அது அவசரம். ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

அம்மாவுக்கு ஸ்டீராய்டு, ஊசி, மாத்திரை எதுவும் கேட்கல. நோயே வேறயா இருக்குமோ?

இருக்கலாம். எந்த மருந்துக்கும் அசையாத ‘ஐ.டி.பி.’யை முதலிலிருந்து பார்க்க வேண்டும். மஜ்ஜை டெஸ்ட் செய்யாமல் விட்டிருந்தால் செய்ய வேண்டிய நேரம் இதுதான். அதில் மெகாகேரியோசைட்டே இல்லையென்றால் கதை மாறுகிறது. எல்லா அணுவும் வற்றியிருந்தால் அப்ளாஸ்டிக் அனீமியா. அங்கே ஸ்டெம் செல்லே தாக்கப்பட்டிருக்கிறது. அணுக்கள் இருந்தும் உருவம் கோணலாக இருந்தால் எம்.டி.எஸ். இவற்றுக்கு வைத்தியமும் வேறு. ரத்தநோய் நிபுணரிடம் போங்கள். திருவனந்தபுரமோ வேலூரோ போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டோடு மஜ்ஜை ஸ்லைடையும் வாங்கிக்கொண்டு போனால், மறுபடி குத்த வேண்டி வராமல் போகலாம்.

ஐ.டி.பி.யில ஸ்டெம் செல் பழுதுன்னு படிச்சேன். ஒரு இடத்துல ஸ்டெம் செல் ஊசி போடுறாங்க, சில லட்சம் ஆகும். போடலாமா?

படித்ததில் உண்மை இருக்கிறது. மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் தவிர, அதற்கு இடமும் ஊட்டமும் தரும் மெசன்கைமல் ஸ்டெம் செல்லும் உண்டு. எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் அடக்கி வைப்பதும் அதன் வேலை. ஐ.டி.பி. நோயாளிகளின் மஜ்ஜையில் இந்தச் செல் சரியாகப் பெருகாமல், சீக்கிரம் முதுமை அடைந்து, அந்த அடக்கும் வேலையையும் கோட்டை விடுவதைச் சீன ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதை ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தால் சீராக்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். ஐ.டி.பி.க்குக் கொடுக்கும் டானசோல் என்ற மருந்தோடு ரெட்டினாயிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் டானசோல் மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதல் பேருக்குப் பலன் நிற்கிறது என்று 2017-ல் வெளியான ஒரு சோதனை சொன்னது. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடியவர்களுக்கும் ரெட்டினாயிக் அமிலம் பெரும் ஆபத்து. கருவைச் சிதைக்கும்.

ஆனால் காசு வாங்கிப் போடுகிற ஸ்டெம் செல் ஊசி இதெல்லாம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். விதிப்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் வைத்தியம் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும். முறையான ஆராய்ச்சியில் சேருபவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். பதிவு எண் கேளுங்கள், எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம் கேளுங்கள். நகையை அடகு வைத்து இதற்குப் போக வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

அப்போ தம்பியோட மஜ்ஜையை எடுத்து வச்சா சரியாகாதா?

சாதாரண ஐ.டி.பி.க்கு அது தேவையில்லை. மாற்று சிகிச்சையில் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து கொடுத்து, பிறகு புதியதை ஏற்றுகிறார்கள். தொற்று, புதிய மஜ்ஜை உடம்பையே தாக்குவது, உயிராபத்து எல்லாம் உண்டு. மாத்திரையில் சமாளிக்கக் கூடிய நோய்க்கு அந்த ஆபத்தை ஏற்கக்கூடாது. எதற்கும் கட்டுப்படாத மிகச் சிலருக்கு மட்டும் உலகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன அப்ளாஸ்டிக் அனீமியாவிலும், குழந்தை பற்றிய பதிலில் சொன்ன சில பிறவிக் கோளாறுகளிலும் மஜ்ஜை மாற்றுதான் உண்மையான தீர்வாக இருக்கும். அங்கே ஒரே அப்பா அம்மா பிள்ளைகளில் ஒருவருக்கொருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. நோய் எது என்று முதலில் தெளிவாகத் தெரிவது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

கவுண்ட் 45,000-ல நிக்குது. ஆழ்கடல் போட்டுக்குப் போகலாமா?

தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வரும். ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் 30,000-க்கு மேல் நிலையாக இருப்பவர்களுக்கு மருந்தே தராமல் கவனிப்பதும் உண்டு, கரையில் ஒரு வேலைக்குப் போகலாம். ஆழ்கடல் வேறு. மாதக்கணக்கில் கடலில் இருக்கையில் தூண்டில் கொக்கி கையில் ஏறினாலோ, விஞ்சுக் கயிறு தலையில் பட்டாலோ கரைக்கு வர நாட்கள் ஆகும். புதிதாக மருந்து தொடங்கியவரும், எண் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவரும் அந்தத் தடவை போக வேண்டாம். நிலையாக இருப்பவர் டாக்டரின் சம்மதத்தோடு, மாத்திரையைத் திரும்பும் நாளுக்குப் பத்து நாள் கூடுதலாகக் கணக்கிட்டு எடுத்துச்செல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் ஸ்ட்ரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு பாரசிட்டமால் வைக்க வேண்டும். போட்டில் கூட வருகிற ஒருவரிடமாவது நோயின் பெயரைச் சொல்லி வைக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுபவர்களுக்குக் கத்திக்காயம் என்றால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். பனையேறுபவர்கள் எண் ஏறும்வரை மரத்தைத் தொட வேண்டாம்.

ஒரு வருஷமா மாத்திரையில கவுண்ட் ஒன்றரை லட்சம். இனி நிறுத்தலாம்தானே?

நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்ட்ராம்போபேக் போன்ற மருந்தைச் சட்டென்று விட்டால் சிலருக்கு முன்பிருந்ததைவிடவும் கீழே போகும். ஆனால் நல்ல கவுண்ட் பல மாதம் நிலைத்தவர்களில் ஒரு பகுதிப் பேர், அளவை மெல்ல மெல்லக் குறைத்து, மருந்தே இல்லாமல் நிற்கிறார்கள். குறைக்கும் நாட்களில் வாரம் ஒரு முறை கவுண்ட் பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள், ஊதா மூடிக் குழாயின் கதை உங்களுக்கு மேலே சொன்னதுதான். இறங்கினால் பழைய அளவுக்குத் திரும்பலாம். அதில் தோல்வி ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து டாக்டர் மறுபடி முயற்சி செய்யச் சொல்லுவார்.